பாதி பாதியாக

லிஃப்டில் ஏழாம் மாடி வரை
இருபத்திரண்டு நொடி.
கட்டடத்துக்காரருக்கு அது போதும்.
"அம்மணிக்கு எந்த ஊருங்?"
சிங்காநல்லூர்.
"அட, பக்கந்தான். அங்க எங்கீங்?"
குளத்துப் பக்கம்.
"மேக்காலயா, கெழக்காலயாங்?"
கதவு திறந்துவிட்டது.

பைனரி சர்ச் என்று
புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்:
அடுக்கியதை நடுவில் வெட்டு,
ஆள் இல்லாத பாதியைத் தூக்கிப் போடு,
இருக்கும் பாதியை மறுபடி வெட்டு.
பத்து லட்சம் பேரில் ஒருத்தியைப் பிடிக்க
இருபது கேள்வி ஆகும்.
இந்த ஊரில் நாலு.
இங்கே ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்பா பீளமேட்டு ஃபவுண்டரியில் பம்பு வார்த்தவர்.
அவர் நாக்கில் 'பண்ணாடி' இருந்தது.
என் நாக்கில் 'சார்' இருக்கிறது.
இடையில் இருபத்து நாலு வருஷம், மூன்று கம்பெனி,
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
ஹோப்காலேஜ் நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டே நின்ற காலைகள்.
இரண்டு தடவை
பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த பெயர்
கடைசிப் பிரதியில் இல்லை.
போய்க் கேட்டேன்.
"வேலைல கொறையே இல்ல நாகமணி,
ஒரு தோரணை வேணுமில்ல."
மூன்றாம் தடவை
அட்லாண்டாவிலிருந்து யோலாண்டா ஒரே வரி அனுப்பினார்:
இந்தப் பெயரை எடுத்தவர் யாரோ
அவர் காரணத்தை எழுதித் தரவும்.
யாரும் எழுதித் தரவில்லை.
பெயர் இருந்தது.

அவரிடம் ஒருநாள் சொன்னேன்,
ஊரைக் கேட்டு ஆளைப் பிடிக்கும் இந்த வித்தையை.
கூட்டம் என்றால் மீட்டிங்,
கூட்டம் என்றால் குலமும்தான்,
"என்ன கூட்டமுங்?" என்று யாராவது கேட்டால்
பட்ஜெட் மீட்டிங் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன் என்றேன்.
சிரிப்பை நிறுத்த முடியாமல்
திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
கறுத்த அகன்ற முகம்,
அந்தப் பக்கம் அப்போதுதான் விடிந்திருந்தது.
"உனக்காவது நாலு கேள்வி வரை நேரம் கிடைக்கிறது.
நான் அறைக்குள் நுழையும்போதே
விடை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும்."
பிறகு மூன்றாம் காலாண்டுக் கணக்கைப் பார்த்தோம்.
மோசமில்லை.

வரவேற்பறையில் என் படத்தை மாட்டினார்கள்.
கோவை மையத் தலைவர்.
படத்தில் இருப்பவள்
என்னைவிட இரண்டு பூச்சு வெளுப்பு.
காந்திபுரம் ஸ்டுடியோவுக்கு நானே ஃபோன் செய்தேன்.
"கலர் கரெக்‌ஷனுங் மேடம்,
எல்லாருக்கும் பண்றதுதானுங்."
கரெக்டாக இருந்ததை எதுக்குங்க கரெக்ட் பண்ணினீங்க?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
இரண்டாம் படத்துக்குத் தனி பில் வந்தது,
கையெழுத்துப் போட்டேன்.

இதை மட்டும் யோலாண்டாவிடம் சொன்னதில்லை:
லிஃப்டில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டால்
வீட்டுத் தெலுங்கு உதடு வரை வந்து
இங்கிலீஷாக வெளியே போகும்.
ஐ வில் கால் யூ.
அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.
நான் லிஃப்டில் இருக்கிறேன் என்பது தெரிந்துவிடும்.

போன செவ்வாய், நேர்முகத்துக்கு ஒரு பெண்.
வினோதினி.
என் நிறம்.
எழுதிய நிரலில் ஒரு வரி கூட வீணில்லை.
கேட்டதற்கு மேலே ஒரு சொல் பேசவில்லை.
பிடித்துப் போயிற்று.
ஏதோ ஓர் ஆசை,
நம்ம பக்கத்துப் பிள்ளையாக இருக்குமோ என்று.
"எந்த ஊரும்மா?"
அவள் முதுகு நேரானது.
"கோயமுத்தூர்தான் மேடம்."
"கோயமுத்தூர்ல..."

என் வாயில் இருந்த மிச்சத்தை நானே கேட்டேன்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினேன்.
அவள் என் தோளுக்கு மேலே
கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அது எப்போது திறக்கும் என்று.